கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளையின் பயம்: தாத்தா, பாட்டி எப்படித் துணை நிற்கலாம்?

பேரப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அக்கம் பக்கத்தில் சொல்லியாகிவிட்டது. கோயிலில் அர்ச்சனையும் செய்தாகிவிட்டது. ஆனால் புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் அறையில் கைப்பேசி வெளிச்சம் தெரிகிறது. காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். “என்னம்மா?” என்று கேட்டால், “ஒன்னுமில்ல பாட்டி” என்கிறாள்.

இந்தக் கையேடு அந்த “ஒன்னுமில்ல” என்ற பதிலைப் பற்றியது. பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடும் வீடுகளில், பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். தட்டில் சோறு மீதமாவதும், பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்வதும் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். ஆகவே, இந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

இது நோயும் அல்ல, நடிப்பும் அல்ல

புதிய இடத்துக்குப் போகும்போது பயம் வருவது இயல்பு. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் வரும், வாயாடிப் பிள்ளைக்கும் வரும், ஆண் பிள்ளைக்கும் வரும். பயம் வந்துவிட்டதால் பிள்ளை பலவீனமானது என்று பொருள் இல்லை. படிக்க விருப்பமில்லை என்றும் பொருள் இல்லை. பெரும்பாலும் அந்தப் படிப்பு தனக்கு முக்கியம் என்று நினைக்கும் பிள்ளைதான் அதிகம் பயப்படுகிறது.

வயிற்று வலி என்று பிள்ளை சொன்னால் அது சாக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த வலி உண்மையானது. அது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் பதற்றம் குறையும்.

உடம்பில் என்ன நடக்கிறது?

இருட்டில் நடந்து போகும்போது காலடியில் பாம்பு கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். யோசிப்பதற்கு முன்பே நீங்கள் துள்ளிவிடுவீர்கள். ஆபத்து என்று நினைத்த உடனே மூளை உடம்புக்கு அவசரச் செய்தி அனுப்புகிறது. சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. ஓடுவதற்காகக் கை கால்களுக்கு அதிக இரத்தம் போகிறது. அந்த நேரத்தில் சாப்பாடு செரிப்பது முக்கியமில்லை என்பதால் வயிற்றின் வேலை குறைந்துவிடுகிறது. வாய் வறண்டு, உள்ளங்கை வியர்க்கிறது.

மூளைக்கு உண்மையான பாம்பும் மனத்தில் நினைத்த பாம்பும் ஒன்றுதான். “ஆயிரம் பேர் நடுவில் தனியாக நிற்பேனே”, “பாடம் புரியாமல் போனால் என்ன செய்வேன்” என்று பிள்ளை நினைக்கும்போதும் இதே மாற்றங்கள் நடக்கின்றன. அதனால்தான் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. பாம்பு போய்விட்டால் உடம்பு சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் புறப்படும் தேதி மூன்று வாரம் தள்ளி இருந்தால், அந்த மூன்று வாரமும் உடம்பு அடங்காமல் விழித்தே இருக்கும். பிள்ளை களைத்துப் போவதும், சின்னப் பேச்சுக்கும் எரிந்து விழுவதும் இதனால்தான்.

நம் பிள்ளைகள் எதற்குப் பயப்படுகிறார்கள்?

கெடா மாநிலத்திலேயே உயர்கல்விக்குப் பல இடங்கள் உள்ளன. 1984-ல் தொடங்கப்பட்டு இப்போது சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகம், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், ஜித்ராவில் பாலிடெக்னிக், சங்லூனில் மெட்ரிகுலேசன் கல்லூரி ஆகியவை சில. ஆனால் சுங்கை பட்டாணியிலிருந்து சிந்தோக்குக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும். பிள்ளைக்குச் சபாவிலோ சரவாக்கிலோ இடம் கிடைத்தால் விமானத்தில்தான் போக வேண்டும். கூலிமில் அல்லது பீடோங்கில் பிறந்து, ஒரு நாள்கூட வீட்டை விட்டு வெளியே தங்காத பிள்ளைக்கு இது பெரிய தாண்டல்.

தூரத்தைத் தவிர வேறு பயங்களும் உண்டு. பிள்ளை அவற்றை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம்.

மொழி: தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாளில் பிள்ளைக்கு இருந்த தயக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். ரிமூவ் கிளாஸ் படித்த பிள்ளையாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இப்போது பாடம் ஆங்கிலத்தில் நடக்குமோ, எழுந்து நின்று பேசச் சொல்வார்களோ என்ற கவலை வரும்.

முதல் ஆள் என்ற பாரம்: குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை என்றால், அங்கே எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. “நம் குடும்பமே உன்னைத்தான் நம்பியிருக்கிறது” என்று எல்லாரும் சொல்லும்போது, தவறிவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது.

பணம்: பி.டி.பி.டி.என். கடன் பணம் முதல் நாளே கைக்கு வந்துவிடாது. சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் என்ன செய்வது என்று பிள்ளை யாரிடமும் கேட்காமல் தானே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

விடுதி: முகம் தெரியாத ஒருவருடன் ஒரே அறையில் தங்க வேண்டும். வேறு இனம், வேறு பழக்கம், வேறு சாப்பாடு. சைவம் சாப்பிடும் பிள்ளைக்கும், அறையில் சாமி படம் வைத்துக் கும்பிடும் பிள்ளைக்கும் இது கூடுதல் கவலை. பகடிவதை பற்றிய பயமும் இருக்கும்.

கடைசியாக ஒன்று, பலரும் கவனிக்காதது. அது உங்களைப் பற்றியது. பாட்டியை மாதாமாதம் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவார்கள்? தாத்தாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? பாசமான பிள்ளைகள் இந்தக் குற்ற உணர்ச்சியை மனத்தில் சுமந்துகொண்டு, “எனக்கு அந்தக் கோர்ஸ் பிடிக்கல” என்று வேறு காரணம் சொல்வது உண்டு. இந்தக் கவலையைத் தீர்க்க வீட்டில் வேறு யாரையும்விட உங்களால்தான் முடியும். எப்படி என்பதை இந்தக் கையேட்டின் கடைசிப் பகுதியில் பார்க்கலாம்.

உங்களுக்குத் தெரியாத பயம் அல்ல இது

உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பலில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களாக இருக்கலாம். நீங்களே தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் விற்கப்பட்டதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நகரத்துத் தாமானுக்கு வந்தவராக இருக்கலாம். அந்த வீட்டில் முதல் இரவு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். பிரட்டு மணி இல்லை, தெரிந்த முகம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்ன மொழி பேசுவார் என்றும் தெரியாது. அன்றைக்குத் தூக்கம் வந்ததா?

அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆனால் சொல்லும் விதம் முக்கியம். “நாங்கள் அந்தக் காலத்தில் விடியற்காலை எழுந்து பால் வெட்டிக் கஷ்டப்பட்டோம், உனக்கு என்ன குறை?” என்று கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அடுத்த முறை உண்மையான கஷ்டம் வந்தாலும் உங்களிடம் சொல்லாது. “தாமானுக்கு வந்த புதுசில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் வரைக்கும் பழைய வீட்டையே நினைத்து அழுதேன். அப்புறம் எதிர்வீட்டு அம்மா பேச்சுக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது” என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கும் பயம் வந்தது, அது ஒரு நாளில் போகவில்லை, ஆனாலும் போய்விட்டது என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

எப்படிப் பேசலாம்?

பிள்ளையை உட்கார வைத்து விசாரணை செய்ய வேண்டாம். காய் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும், காரில் போகும்போதும் பேச்சு தானாக வரும். முகத்தைப் பார்க்காமல் பேசுவது இளம் பிள்ளைகளுக்கு எளிது.

“பயப்படாதே” என்று சொல்வதைவிட, “எதை நினைத்தால் ரொம்பப் பயமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். பயப்படாதே என்று சொன்னதால் யாருக்கும் பயம் போனதில்லை.

“மாமா மகன் டாக்டராகிவிட்டான்” என்று ஒப்பிடாதீர்கள். “உன்னால் முடிந்ததைச் செய், மற்றதைப் பிறகு பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.

“நீ போய்விட்டால் இந்த வீடே இருண்டுவிடும்” என்று பாசத்தில் சொல்லிவிடுவோம். பிள்ளையின் காதில் அது “போகாதே” என்று விழும். “நீ இல்லாமல் வீடு அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் நீ போவதில் எனக்குச் சந்தோஷம்” என்று சொன்னால் உங்கள் பாசமும் தெரியும், பிள்ளைக்குப் பாரமும் இருக்காது.

கடன், செலவு பற்றிய பெரியவர்களின் வாக்குவாதத்தைப் பிள்ளையின் காதுபட நடத்தாதீர்கள். ஆனால் கணக்கை மறைக்கவும் வேண்டாம். முதல் மாதத்துக்கு இவ்வளவு, அதற்குப் பின் இவ்வளவு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு நிம்மதி.

பிள்ளை பேசும்போது உடனே தீர்வு சொல்ல வேண்டும் என்பதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “சரி, இது கஷ்டமாகத்தான் இருக்கும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

புறப்படுவதற்கு முன் நான்கு வாரங்கள்

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. நாம் எதைத் தவிர்க்கிறோமோ அதைப் பார்த்து இன்னும் அதிகமாகப் பயப்படுவோம். கல்லூரியைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் “பேசாமல் இருந்ததால்தான் தப்பித்தோம்” என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த நாள் பயம் கூடும். அதற்காகப் பிள்ளையை ஒரே தள்ளாகத் தள்ளிவிடவும் கூடாது. நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் தள்ளுவது போல அது. கரையோரமாக, கணுக்கால் அளவுத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வாரம்: வரவேற்புக் கடிதத்தைப் பிள்ளையுடன் உட்கார்ந்து முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். காகிதத்தில் எழுதிய கவலை தலைக்குள் சுற்றும் கவலையைவிடச் சிறியது. பெரும்பாலான கல்லூரிகள் மருத்துவப் பரிசோதனைப் படிவம் கேட்கும். கடைசி நாள் வரை காத்திருக்காமல் அரசாங்கக் கிளினிக்கில் அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்பதை அந்த மருத்துவரிடமே பிள்ளை சொல்லலாம்.

இரண்டாவது வாரம்: முடிந்தால் அந்த இடத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். செமிலிங், சிந்தோக், ஜித்ரா என்றால் ஒரே நாளில் போய் வரலாம். நீங்களும் கூடப் போங்கள். வாசல் எங்கே, பஸ் எங்கே நிற்கும், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை உண்டா என்று பார்த்துவிட்டு வந்தால், பாதிப் பயம் வழியிலேயே கரைந்துவிடும். தூரமான இடம் என்றால், அங்கே படிக்கும் ஒரு மாணவரிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும் கோயில் இளைஞர்களிடமும் கேட்டால் யாராவது கிடைப்பார்கள்.

மூன்றாவது வாரம்: சோறு வடிப்பது, துணி துவைப்பது, பாரசெட்டமோல் எப்போது சாப்பிடுவது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது ஆகியவற்றைப் பழக்குங்கள். ஆண் பிள்ளைக்கும் பழக்குங்கள். உங்கள் கையால் கற்றுக்கொண்ட இரசம், வேறு ஊரில் காய்ச்சல் வரும் நாளில் பெரிய துணையாக இருக்கும்.

நான்காவது வாரம்: தூங்கும் நேரத்தைச் சரிசெய்யுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் தேவை. மாலைக்குப் பிறகு கோப்பி, சக்திப் பானங்கள் வேண்டாம். படுக்கும் முன் கைப்பேசியை வெளி அறையில் வைத்துவிடச் சொல்லுங்கள். நீங்களும் அப்படியே செய்தால் பிள்ளை எளிதாகக் கேட்கும்.

படபடப்பு வரும்போது செய்யும் மூச்சுப் பயிற்சி

இதை முதலில் நீங்கள் செய்து பாருங்கள். பிறகு பிள்ளையுடன் சேர்ந்து செய்யுங்கள்.

1. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள்.
2. மூக்கு வழியாக, மனத்துக்குள் 4 வரை எண்ணிக்கொண்டு மூச்சை இழுங்கள். வயிறு மெல்ல எழ வேண்டும்.
3. வாய் வழியாக, 6 வரை எண்ணிக்கொண்டு மெதுவாக விடுங்கள்.
4. ஐந்து நிமிடம் இப்படியே செய்யுங்கள்.

மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்போது இதயத் துடிப்பு மெல்ல இறங்குகிறது. இது பயத்தை ஒழித்துவிடாது. ஆனால் உடம்பை அடக்கி, யோசிக்க இடம் கொடுக்கும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள். பயம் இல்லாத நேரத்திலேயே தினமும் பழகிவைத்தால்தான் தேவையான நேரத்தில் கைகொடுக்கும்.

முதல் ஆறு வாரங்கள்

பிள்ளை போய்ச் சேர்ந்தபின் முதல் சில வாரங்கள்தான் கடினமானவை. அறிமுக வாரத்தில் காலை முதல் இரவு வரை நிகழ்ச்சிகள் இருக்கும். பிள்ளைக்குப் பேச நேரம் இருக்காது. ஒரு நாள் அழைப்பு வரவில்லை என்றால் பதறாதீர்கள். அது முடிந்து அறையில் தனியாக உட்காரும்போதுதான் வீட்டு நினைவு வரும்.

மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ இரவில், “பாட்டி, என்னால முடியல, வீட்டுக்கு வந்துடறேன்” என்று அழுகையுடன் அழைப்பு வரலாம். அந்த நேரத்தில் உங்கள் குரல்தான் மருந்து. உடனே “வந்துடு” என்றும் சொல்ல வேண்டாம், “அதெல்லாம் முடியாது” என்றும் சொல்ல வேண்டாம். அழட்டும், கேளுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். “இன்றைக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?” என்று கேளுங்கள். பல நேரம் அது ஒரு சின்ன விஷயமாக இருக்கும். வகுப்பு அறை தெரியாமல் அலைந்திருப்பாள், சாப்பிடும்போது தனியாக உட்கார்ந்திருப்பாள். கடைசியில், “நாளைக்கு ராத்திரி மறுபடியும் பேசலாம்” என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தவறாமல் பேசுங்கள்.

தினமும் பத்து முறை அழைத்து விசாரிப்பதைவிட, குறித்த நேரத்தில் ஒரு முறை பேசுவது நல்லது. வாட்ஸ்அப்பில் காலையில் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். வீட்டுப் பூனை என்ன செய்தது, முருங்கை பூத்ததா என்று சொன்னால் போதும். வீடு அப்படியேதான் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தைரியம்.

முதல் மாதத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டுக்கு வந்துவிட்டால் அங்கே நண்பர்கள் அமைவது கடினம். ஆனால் எப்போது வரலாம் என்ற தேதி முன்பே தெரிந்திருக்க வேண்டும். “தீபாவளிக்கு வருவாய்” அல்லது “நான்காம் வாரம் நாங்கள் வந்து பார்க்கிறோம்” என்று சொல்லிவிடுங்கள். போகும்போது ஊறுகாயும் நெத்திலிச் சம்பலும் இரண்டு பாட்டிலாகக் கொண்டு போங்கள். ஒன்று அறைத்தோழிக்கு.

பிள்ளையிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கே இருக்கும் கவுன்சலர்கள் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்கள். பேசியதை அவர்கள் வெளியில் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டுமே மற்றவர்களுக்குத் தெரிவிப்பார்கள். பகடிவதை நடந்தால் விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் விவகாரப் பிரிவிடமும் புகார் செய்யலாம். பொறுத்துப் போக வேண்டிய விஷயம் அல்ல அது.

பாடம் சரிப்படவில்லை என்றாலும் வழிகள் உண்டு. பல இடங்களில் துறையை மாற்றிக்கொள்ளவும், மருத்துவக் காரணத்துக்காக ஒரு பருவத்தை ஒத்திவைக்கவும் அனுமதி உண்டு. அப்படிச் செய்வது குடும்பத்துக்கு அவமானம் அல்ல. எந்த வழியும் இல்லை என்று பிள்ளை நினைத்துவிடுவதுதான் ஆபத்து.

எப்போது உதவி தேட வேண்டும்?

சாதாரண பயம் நாளாக நாளாகக் குறையும். கீழே உள்ளவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும்:

- தூக்கமே இல்லை, அல்லது எந்நேரமும் படுக்கை
- சாப்பாடு குறைந்து உடல் மெலிதல்
- குளிக்காமல், அறையை விட்டு வராமல் இருத்தல்
- வகுப்புக்குப் போகாமல் இருத்தல்
- முன்பு விரும்பிச் செய்தது எதிலும் ஆர்வமில்லாமை
- அடிக்கடி திடீரென மூச்சு முட்டி, நெஞ்சு அடைத்து, செத்துவிடுவோமோ என்ற அச்சம்

இதைப் “பைத்தியம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது குணமாகக்கூடிய உடல்நலப் பிரச்சினை. பேச்சுச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. சாமி கும்பிடுவதும் திருநீறு பூசுவதும் மனத்துக்குத் தெம்பு தரும். கயிறு கட்டி மந்திரிக்க விரும்பினால் செய்யுங்கள். ஆனால் அதற்காகக் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

“நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி”, “எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது” என்று பிள்ளை பேசினாலோ, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். “செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்ற ஆறுதலே வரும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் களைக்கொல்லி, பூச்சிமருந்து, உங்கள் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டிவையுங்கள். தோட்டத்து வீடுகளில் இது மிகவும் முக்கியம். 999-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

“போலீஸ் கேஸ் ஆகிவிடும்” என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை. முன்பு தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றமாக இருந்தது. 2023-ல் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இன்று அது மருத்துவ உதவி கிடைக்க வேண்டிய நிலைமை மட்டுமே.

எங்கே உதவி கிடைக்கும்?

அரசாங்கக் கிளினிக்: மனநலச் சோதனை செய்யலாம். மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

மருத்துவமனைகள்: சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹலீம் மருத்துவமனையிலும், அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

ஹீல் தொலைபேசிச் சேவை: 15555. சுகாதார அமைச்சின் மனநல உதவிச் சேவை.

தாலியான் காசே: 15999. எல்லா நேரமும் அழைக்கலாம்.

பிஃபிரெண்டர்ஸ்: 03-7627 2929. எல்லா நேரமும் அழைக்கலாம்.

பிள்ளைக்காக நீங்களும் அழைக்கலாம். இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்

பிள்ளை போனபின் வீடு வெறிச்சோடித் தோன்றும். மாலையில் வாசலைப் பார்த்து உட்காரும் பழக்கம் சில நாள் இருக்கும். இதுவும் இயல்பே. ஆனால் உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் நீங்களும் கிளினிக்கில் சொல்ல வேண்டும்.

பிள்ளை செய்துகொண்டிருந்த வேலைகளை அது புறப்படும் முன்பே மாற்றி அமையுங்கள். அதைப் பிள்ளையின் கண்முன்னே செய்யுங்கள். இரத்தக் கொதிப்பு, நீரிழிவுக்கான அடுத்த கிளினிக் தேதிக்கு யார் கூட்டிப்போவார் என்று முடிவு செய்து நாள்காட்டியில் எழுதுங்கள். ஒரு வாரத்து மாத்திரைகளைப் பிரித்துவைக்கும் டப்பா ஒன்று வாங்கிப் பிள்ளையுடன் சேர்ந்து நிரப்பிப் பழகுங்கள். தொடர் மருந்துகளை அஞ்சலில் அனுப்பும் சேவை உண்டா என்று கிளினிக்கின் மருந்தகத்தில் கேளுங்கள். வீடியோ அழைப்பு எப்படி எடுப்பது என்று பிள்ளையிடமே கற்றுக்கொள்ளுங்கள். தவறு செய்தாலும் பரவாயில்லை, பத்து முறை செய்து பாருங்கள். புதியதைக் கற்க உங்களுக்கும் தயக்கம் உண்டு, ஆனாலும் கற்கிறீர்கள் என்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.

கிளினிக்குகளில் மூத்தோர் மன்றங்கள் உள்ளன. சமூக நல இலாகாவின் மூத்தோர் நடவடிக்கை மையங்களும் பல இடங்களில் இயங்குகின்றன. உடற்பயிற்சி, கைவேலை, சுகாதாரப் பேச்சு எனப் பல நடக்கும். வாரத்தில் ஒரு நாளாவது போங்கள்.

“பாட்டிக்குத் தேதி எழுதியாச்சு, மாத்திரை டப்பா இருக்கு, செவ்வாய்க்கிழமை மன்றத்துக்குப் போறேன். நீ கவலைப்படாமப் போய்ட்டு வா” என்று நீங்கள் சொல்லும் நாளில், பிள்ளையின் மனத்திலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கும். அதன்பின் ஒரு மாலை, சோறு வடிக்கும்போது, “பாட்டி, எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு” என்று பிள்ளை தானாகவே சொல்லக்கூடும். அப்போது அடுப்பைத் தணித்துவிட்டு உட்காருங்கள்.